கன்டேஜியன் படம்: நம்ம ஏரியாவுக்குப் பொருந்துமா?

காசிமேட்டுக்காரன்:
நேற்று ராத்திரி கன்டேஜியனை மறுபடி பார்த்தேன். உலகம் முழுக்கத் தொற்றுநோய் பரவுகிற கதை, ஸ்டீவன் சோடர்பெர்க் 2011ல் எடுத்தது. 2020ல் எல்லாரும் ‘அப்பவே சொல்லிட்டான்பா’ என்று கொண்டாடிய படம். எனக்கு அப்பவும் ஒட்டவில்லை, இப்பவும் ஒட்டவில்லை. மேட் டேமன், கேட் வின்ஸ்லெட், ஜூட் லா என்று பெரிய பட்டாளமே இருக்கிறது, ஒருத்தர் மேலும் பாசம் வரவில்லை. டேமனின் மனைவியாக வரும் கினெத் பால்ட்ரோ ஆரம்பத்திலேயே செத்துப்போகிறார், படம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. சாவு விழுந்த வீடு இப்படியா இருக்கும்?

வியாசை வாசகன்:
அண்ணே, மனைவி இறந்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னதும் டேமன் என்ன செய்கிறார்? தலையை ஆட்டிவிட்டு, ‘சரி, அவளிடம் போய்ப் பேசலாமா?’ என்கிறார். காதில் விழுந்தது இன்னும் மண்டையில் ஏறவில்லை. நம்மாட்கள் எடுத்திருந்தால் அங்கே ஒரு பாட்டு வைத்திருப்பார்கள்.

காசிமேட்டுக்காரன்:
பாட்டு வேண்டாம்பா, ஆள் வேண்டும். கடலைக் கிண்ணம், கிரெடிட் கார்டு, பஸ் கம்பி என்று தொட்டதையெல்லாம் கேமரா கிட்டே போய்க் காட்டுகிறது. 2020 மே மாதம் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா தொற்று அதிகம். எங்கள் சந்தில் பதினொரு குடும்பத்துக்கு ஒரே அடிபம்பு. எதிர்வீட்டு அக்கா முந்தானையைப் பிடியில் சுற்றிக்கொண்டு அடிப்பார், அதே முந்தானையால் பிள்ளைக்கு மூக்கும் துடைப்பார். சந்து முனையில் தகரம் அடித்துவிட்டார்கள், பால் பாக்கெட்டைத் தகரத்துக்கு மேலே கை நீட்டித்தான் வாங்கினோம். தகரத்துக்கு உள்ளே இருந்தவன் அந்தப் படத்தில் எங்கே?

மின்ட் அக்கா:
இருக்கிறான் தம்பி. ஹாங்காங் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் உலக சுகாதார நிறுவன டாக்டரைக் கடத்தி வைத்துக்கொண்டு தடுப்பூசி கேட்கிறார்களே, அவர்கள் யார்? கடைசியில் அவர்களுக்குப் போய்ச் சேர்வது போலி மருந்து. அது தெரிந்ததும் அந்த டாக்டர் ஏர்போர்ட்டிலிருந்து எழுந்து ஓடுகிறார். என்னைக் கேட்டால் படத்தில் அதுதான் நல்ல கதை. அதை அவசரமாக முடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

படத்தில் பிறந்த தேதியைக் குலுக்கிப் போட்டு ஊசி போடுகிறார்கள். அநியாயம் மாதிரி தெரியும். ஆனால் 2021 மே மாதம் 18 வயதுக்கு மேல் எல்லாருக்கும் என்று ஆரம்பித்தபோது இங்கே என்ன நடந்தது? ஊசிக்குப் பதிவு செய்கிற கோவின் தளத்தில் ஸ்லாட் திறந்த வேகத்தில் காலி. போன் வேகமாக இருந்தவனுக்குத்தான் முதல் ஊசி. என் தம்பி மகன் பட்டன் போனில் ஓடிபியைப் படித்து முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. அதற்குக் குலுக்கலே மேல்.

பழைய வண்ணை:
யாரும் ஜூட் லா பக்கம் போகவில்லையே. ஃபோர்சித்தியா என்கிற மூலிகை மருந்தைக் குடித்தால் சரியாகிவிடும் என்று இணையத்தில் எழுதிக் காசு பார்க்கிற ஆள். நம்ம ஊர் கபசுரக் குடிநீர் ஞாபகம் வரவில்லையா?

காசிமேட்டுக்காரன்:
இரண்டும் எப்படி ஒன்று? இங்கே தெருமுனையில் அண்டாவில் வைத்துச் சும்மா கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று யார் சொன்னது?

பழைய வண்ணை:
யாரும் சொல்லவில்லை. எங்கள் சித்தப்பாதான் ‘குடிச்சாச்சு, இனி ஒன்னும் ஆகாது’ என்று மூன்று நாள் காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்திருந்தார். நாலாவது நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ தேடினோம். பிழைத்துவிட்டார், அது எங்கள் நேரம். குடிநீர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ‘இனி ஒன்னும் ஆகாது’ இருக்கிறதே, அதைத்தான் ஜூட் லா விற்கிறார்.

வியாசை வாசகன்:
காசிமேட்டு அண்ணனுக்கு ஒன்று. கடைசிக் காட்சியைச் சரியாகப் பார்த்தீர்களா? படம் இரண்டாம் நாளில் தொடங்கி, முதல் நாளில் முடிகிறது. புல்டோசர் மரத்தைச் சாய்க்கிறது, வௌவால் பறந்து பன்றிக் கொட்டகைக்குப் போகிறது, வாழைப்பழத் துண்டு கீழே விழுகிறது. பன்றியை அறுத்த சமையல்காரர் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு வந்து பால்ட்ரோவுக்குக் கை கொடுக்கிறார். மலேசியாவில் 1998, 99ல் நிபா வைரஸ் வந்த வழியும் கிட்டத்தட்ட இதுதான்: வௌவால், பன்றி, பண்ணை ஆட்கள். சரி, அந்தப் புல்டோசரில் யார் பேர் எழுதியிருக்கிறது? பால்ட்ரோ வேலை பார்க்கிற கம்பெனி பேர்.

காசிமேட்டுக்காரன்:
அந்தப் பேரை நான் கவனிக்கவே இல்லை. இன்றைக்குப் பிள்ளைகள் தூங்கினதும் அந்த இடத்தை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். ஆனால் தகரம் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

மின்ட் அக்கா:
அந்தத் தகரத்தைப் பிறகு யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? எங்கள் தெருவில் இன்னும் ஒரு கோழிக் கூண்டுக்குக் கூரையாக இருக்கிறது.