பெருந்தீக்காயத்துக்கு வென்டிலேட்டர்: கையெழுத்துப் போடலாமா?

செம்பூர்வாசி:
என் அத்தைக்கு வயது 58. பூட்டிய சமையலறையில் கேஸ் கசிந்து பற்றியதில் உடம்பில் 55 சதவீதம் வெந்துவிட்டது. சேர்த்த இரவே குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். பதினேழாம் நாள் நிமோனியாவும் ரத்தத்தில் பரவிய கிருமியும் அவரைக் கொண்டுபோய்விட்டன. கட்டு மாற்றும்போதெல்லாம் அவர் புருவம் துடித்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். பெருந்தீக்காயத்துக்கு வென்டிலேட்டர் வேதனையை நீட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை; இனி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தீக்காயப் பிரிவுச் செவிலியர்:
ஐயா, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். ஆனால் நீங்கள் வந்த முடிவை ஏற்க முடியவில்லை. வென்டிலேட்டரில் இருப்பவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது உண்மை. மிக மோசமான நிலையில் வருகிறவர்களுக்குத்தான் அது போடப்படுகிறது என்பதும் அதே அளவு உண்மை. மூடிய அறையில் புகையை இழுத்தவருக்குத் தொண்டை முதல் நாளிலேயே வீங்கிக்கொண்டு போகும். மாலையில் பேசிக்கொண்டிருந்தவருக்கு நள்ளிரவில் குழாய் நுழைய வழியே இருக்காது. மூக்கு முடி கருகியிருக்கிறதா, சளியில் கரி வருகிறதா, குரல் கம்முகிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம். விரலில் மாட்டும் கருவி 98 காட்டுவதை நம்ப முடியாது, ஏனெனில் அது கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணிவிடும். வயதையும் காயச் சதவீதத்தையும் கூட்டி, புகை உள்ளே போயிருந்தால் 17 சேர்ப்பது திருத்திய பாக்ஸ் மதிப்பெண்; அது ஏற ஏற இறக்கும் அபாயமும் ஏறும். தாராவிப் பட்டறை ஒன்றிலிருந்து வந்த பையனுக்கு வயது 22, காயம் 40 சதவீதம், புகைக்கான 17-ஐயும் கூட்டினால் 79. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம், நடந்து வீட்டுக்குப் போனான்.

செம்பூர்வாசி:
அப்படியானால் அத்தையின் கூட்டல் 130. அந்த எண்ணை ஒரு டாக்டர்கூட எங்களிடம் சொல்லவில்லையே!

தீக்காயப் பிரிவுச் செவிலியர்:
சொல்லியிருக்க வேண்டும், அது பெரிய தவறு. எனினும் அந்த எண் ஒரு கூட்டத்துக்கான கணிப்பு, ஒரு மனிதருக்கான தீர்ப்பு அன்று. குழாய் போடுவதும் அதிலேயே தொடர்வதும் தனித்தனி முடிவுகள். மீளும் வழியில்லாதபோது உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்த உச்ச நீதிமன்றம் 2018-இல் வழி வகுத்தது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது; இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்ப வேண்டும், குடும்பத்தின் சம்மதமும் வேண்டும்.

மாட்டுங்கா வாசகி:
இருவரும் தோலை மறந்துவிட்டீர்கள். வெந்த தோலை நீக்கி மூடாதவரை கிருமி வந்துகொண்டே இருக்கும், எந்த வென்டிலேட்டரும் அதைத் தடுக்காது. அப்படி மூடத் தானத் தோல் தரும் தோல் வங்கி நவி மும்பை ஐரோலியில் இருக்கிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் தோலைத் தானம் செய்யலாம், ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. என் மாமியாரின் தோலை நாங்கள் கொடுத்தோம்.

செம்பூர்வாசி:
அன்றிரவு அத்தை "தண்ணி குடு" என்றது பாதிதான் காதில் விழுந்தது. குரல் அவ்வளவு கம்மியிருந்தது. முதல் நாள் குழாய் போட்டது சரி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் நாள் சிறுநீரகமும் நின்ற பிறகு எங்களை உட்காரவைத்துப் பேசாமல் தொடர்ந்ததை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.