பின்பக்கத் தடுப்புச் சுவர் வெளியே தள்ளுகிறது: பூசினால் போதுமா?

மேட்டுவீட்டுக்காரன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர்த் தோட்டத்தைச் சமன்செய்து எழுப்பிய தாமானில் (குடியிருப்பில்) எங்கள் வீடு இருக்கிறது. வீடு மேட்டில், பின்னால் 6 அடித் தடுப்புச் சுவர், அதன்கீழே பக்கத்து வீட்டாரின் சந்து. செங்கல் சுவர்தான், இடையிடையே கான்கிரீட் தூண்கள். இந்த மழையில் நடுப்பகுதி வெளியே உப்பி, குறுக்கே ஒரு வெடிப்பும் விட்டிருக்கிறது. வெடிப்பை அடைத்துப் பூசிவிட்டு, அடியில் பள்ளம் தோண்டி முட்டுச் சுவர் கட்டலாம் என்கிறார் குத்தகையாளர். சரியா?

கொத்தனார் மகன்:
அண்ணா, சுவரில் நீர் வடியக் குழாய்கள் இருக்கின்றனவா? மழை விட்டதும் அவற்றில் தண்ணீர் வருகிறதா?

மேட்டுவீட்டுக்காரன்:
ஐந்தாறு பிவிசி குழாய்கள் இருக்கின்றன. சொட்டுக்கூட வருவதில்லை, தம்பி. ஆனால் சுவரடி எப்போதும் ஈரம்.

ஈப்போ பொறியாளர்:
அந்த ஈரமே பதில் சொல்லிவிட்டது. குழாய் வைத்தவர்கள் பின்னால் சரளைக்கல் போடாமல் களிமண்ணையே தள்ளி மூடியிருப்பார்கள், வாய் அடைந்துவிட்டது. 6 அடிச் சுவரை வடிகால் உள்ள நல்ல மண் மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1 டன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் மேல்மட்டம்வரை தேங்கினால் அது 2 டன்னைத் தாண்டும். பூச்சு இதில் எதைத் தாங்கும்?

சுவரடியில் பள்ளம் தோண்டவே விடாதீர்கள். அடித்தளம் முன்னோக்கி நழுவாமல் பிடித்திருப்பது முன்னால் உள்ள அந்த மண்ணும்தான். மழைக்காலத்தில் அதை நீளத்துக்கு எடுத்தால், முட்டுச் சுவர் எழும்புமுன் பழைய சுவர் விழும்.

சுவரின் தடிப்பு எவ்வளவு? சமையலறை எத்தனை அடி தள்ளி இருக்கிறது?

மேட்டுவீட்டுக்காரன்:
நாலரை அங்குலம், ஐயா. பின்னாளில் நீட்டிக் கட்டிய சமையலறை 5 அடி தள்ளி. அதன் தரையில் சுவருக்கு இணையாக ஒரு வெடிப்புக் கோடு ஓடுகிறது. கூரைத் தண்ணீரும் பின்பக்கமே விழுகிறது. தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான்.

ஈப்போ பொறியாளர்:
நாலரை அங்குலச் செங்கல் வேலிக்குச் சரி, 6 அடி மண்ணுக்கு அல்ல. தரைக்கோடுதான் எனக்குக் கவலை. பழைய வீடு பாக்காவ் கட்டையில், அதாவது மண்ணுக்குள் அடித்திறக்கிய சதுப்புநில மரக் கட்டைகளில், நிற்கலாம். நீட்டிய பகுதி பெரும்பாலும் நிரப்பிய மண்ணில் ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்கும். இரண்டும் சேருமிடத்தில் மட்டும் வெடித்தால் சமையலறை தனியே இறங்குகிறது எனலாம். சுவருக்கு இணையாக, சுவர்ப்பக்கம் ஓடினால் மண்ணே சுவரோடு நகர்கிறது. வெடிப்பின் நுனிகளில் பென்சிலால் தேதி குறியுங்கள். அதன்மேல் சுண்ணச்சாந்துப் பட்டை ஒன்று ஒட்டுங்கள். பட்டை பிளந்தால் நகர்வு நிற்கவில்லை.

கொத்தனார் மகன்:
புதிதாகத் துளை போட்டால் சுவர் தப்புமா, ஐயா?

ஈப்போ பொறியாளர்:
தண்ணீர் இறங்கும், உப்பல் திரும்பாது. இந்தச் சுவரைப் பிரித்து எல் வடிவக் கம்பிக் கான்கிரீட் சுவர்தான் கட்ட வேண்டியிருக்கும். அடிப்பலகை 3 முதல் 4 அடி அகலம், பெரும்பகுதி மண்ணுக்கடியில். மேலே உள்ள மண்ணின் எடையே சுவரைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் ஓரடி சரளை, மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் வடிதுணி, கீழ்வரிசையில் 3 அங்குலக் குழாய்கள். சமையலறை பக்கத்திலேயே இருப்பதால் துண்டு துண்டாகத்தான் தோண்ட வேண்டும். பதிவுபெற்ற பொறியாளரின் வரைபடம் வேண்டும். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஏ பிரிவு மண்வேலையைப் பற்றியது, நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 1993 டிசம்பர் 11-இல் கோலாலம்பூர் அருகே ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று சரிந்து 48 பேர் இறந்ததிலும் மேட்டின் வடிகாலும் தடுப்புச் சுவர்களும்தான் பேசப்பட்டன. உங்களுடையது சிறிய சுவர். தண்ணீர் செய்யும் வேலை ஒன்றுதான்.

மேட்டுவீட்டுக்காரன்:
பொறியாளர் வரும்வரை?

ஈப்போ பொறியாளர்:
தொட்டியைக் காலிசெய்து முன்பக்கம் மாற்றுங்கள். கூரைத் தண்ணீரைக் குழாய்வழி முன்கால்வாய்க்குக் கொண்டுபோங்கள். வெறும் மண்ணைத் தார்ப்பாயால் மூடுங்கள், தண்ணீர் சுவர்ப்பக்கம் ஓடாதபடி. கீழ்வீட்டாரிடம் இன்றே பேசி, மழை நேரத்தில் சந்தில் பிள்ளைகளை விட வேண்டாம், மோட்டார் சைக்கிளை வேறெங்காவது நிறுத்துங்கள் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.