பீரோ மேல் கிடக்கும் குவெஸ்ட் 2: வி.ஆர். விளையாட்டில் இனியும் பணம் போடலாமா?

வைகைக்கரை

மதுரையில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. 2021-இல் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் ஒரு குவெஸ்ட் 2 ஹெட்செட் கொண்டுவந்து கொடுத்தார். முகத்தில் மாட்டினால் சுற்றிலும் வேறோர் உலகம் தெரியும் வி.ஆர். (மெய்நிகர்) கருவி அது. முதல் நான்கு மாதம் அதுவே கதி என்று இருந்தேன். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் பீட் சேபர், பாட்டுக்கு ஏற்பப் பறந்து வரும் கட்டைகளை வாளால் வெட்டும் ஆட்டம். பனியன் பிழியப் பிழிய நனைந்துவிடும். ஐந்து கிலோ குறைந்தேன். இதுவரை எந்த உடற்பயிற்சிக் கூடமும் எனக்குச் செய்யாத காரியம் அது.

பிறகு விட்டுப்போயிற்று. துப்பாக்கியோடு நடந்து போகும் விளையாட்டுகளை எடுத்தால் பத்து நிமிடத்தில் குமட்டியது. எதை விளையாடினாலும் கொஞ்ச நேரத்தில் தலைவலி. சித்திரை வெயிலில் முகத்தில் அந்தப் பஞ்சை வைத்து இறுக்கிக்கொள்ள மனம் வரவில்லை. ஒருநாள் வேகமாகக் கையைத் தூக்கியபோது மின்விசிறியின் இறக்கையில் பட்டு இரண்டு விரல் வீங்கின. அதோடு ஹெட்செட் பீரோ மேல் ஏறிவிட்டது.

இப்போது என் மகளுக்குப் பதினொரு வயது. தோழி வீட்டில் பார்த்துவிட்டு வந்து ஓயாமல் கேட்கிறாள். புதிய மாடலான குவெஸ்ட் 3எஸ் வாங்கலாம் என்று கொஞ்சம் பணம் ஒதுக்கினேன். வாங்கப்போகும் நேரத்தில்தான் 2026 ஜனவரிச் செய்தி வந்தது. குவெஸ்ட்டைச் செய்யும் மெட்டா (ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம்) தன் வி.ஆர். பிரிவான ரியாலிட்டி லேப்ஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்கியது, ஆர்மச்சர், சான்சாரு, ட்விஸ்டட் பிக்சல் ஆகிய மூன்று விளையாட்டு ஸ்டூடியோக்களை மூடியது. ட்விஸ்டட் பிக்சலின் டெட்பூல் விளையாட்டு வெளிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ரெசிடென்ட் ஈவில் 4 என்ற திகில் விளையாட்டை வி.ஆருக்குக் கொண்டுவந்தது ஆர்மச்சர். அதை நான் முடித்ததில்லை. ஆனால் அந்தக் கிராமத்துக்குள் முதல் அடி வைத்தபோது முதுகு சில்லிட்டது இன்னும் நினைவில் இருக்கிறது.

அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்கள் இனி எதைத் தருவார்கள்? காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு நாளைக்கே காணாமல் போகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்.எஸ்.புரம்

2018 முதல் 2023 வரை கோவையில் ஒரு வணிக வளாகத்தில் வி.ஆர். நிலையம் நடத்தினேன். ஒரு பக்கம் ஆடும் நாற்காலி இரண்டு. மறுபக்கம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் தரை விரித்து, இரண்டு மூலைகளில் உணரிகளை நிறுத்தி, கணினியோடு இணைக்கும் எச்டிசி வைவ் ஹெட்செட் ஒன்று. ஐந்து நிமிடத்துக்கு 150 ரூபாய்.

நாற்காலியில்தான் கூட்டம். ரோலர்கோஸ்டர் படம் ஓடும், குடும்பத்தோடு நின்று கைதட்டிப் பார்ப்பார்கள், இறங்கியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வரவு செலவு நோட்டில் வழக்கமாக வருபவர்களின் முகத்துக்கு ஒரு குறி போட்டு வைப்பேன். ரோலர்கோஸ்டரில் ஏறியவர்களுக்கு அந்தக் குறி போட எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒரு முறை வந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வைவ் பக்கம் வேறு கதை. அங்கே இலெவன் டேபிள் டென்னிஸ் என்ற ஆட்டம் வைத்திருந்தேன். பள்ளி அணியில் ஆடும் ஒரு பையன் சனிக்கிழமை தவறாமல் வந்தான். முதல் நாள், ஆட்டம் முடிந்த களைப்பில் இல்லாத மேசையின் மேல் கையை ஊன்றப்போய்த் தடுமாறினான். ஓடிப்போய்ப் பிடித்தேன். அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. மேசை இல்லை என்பதை அவன் உடம்பு மறந்துவிட்டது. இந்தக் கருவியின் முழு வலிமையும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் குமட்டலுக்கும் விடை இதிலேயே உண்டு. கண் "நடக்கிறேன்" என்கிறது, உட்காது "நின்றுகொண்டிருக்கிறாய்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் உடம்பு மறுக்கும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் வருவதும் இதே கோளாறுதான், தலைகீழாக. டேபிள் டென்னிஸிலும் பீட் சேபரிலும் நீங்கள் அசைந்தால் மட்டுமே காட்சி அசையும். ஆகவேதான் பீட் சேபர் உங்களுக்குக் குமட்டலைத் தரவில்லை. துப்பாக்கி விளையாட்டில் கட்டை விரலால் நடந்தீர்கள். அதுபோன்ற விளையாட்டுகள் பலவற்றில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிச் செல்லும் முறை அமைப்பில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். குமட்டலைத் தாங்கிப் பழகிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். முதல் அறிகுறியிலேயே கழற்றிவிட வேண்டும்.

தலைவலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். குவெஸ்ட் 2-இல் லென்ஸ்களைக் கையால் நகர்த்த மூன்று நிலைகள் உண்டு: 58, 63, 68 மில்லிமீட்டர். கண்ணாடி முன் நின்று, ஸ்கேலைப் புருவத்தின் கீழே வைத்து, இரண்டு கருவிழிகளின் நடுவுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். என் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மங்கலாகத் தெரிகிறது என்றது இதனால்தான்.

மின்விசிறிக்கு ஒரு வழி: விசிறிக்கு நேர் கீழே நிற்காமல் மூன்றடி தள்ளி ஒரு சின்ன மிதியடி போட்டு, வெறுங்காலோடு அதன் மேல் நின்று ஆடுங்கள். நகர்ந்துவிட்டால் பாதம் உடனே சொல்லிவிடும். இன்னொன்று, ஜன்னல் வெயில் லென்ஸில் படவே கூடாது. பூதக்கண்ணாடி காகிதத்தை எரிப்பதுபோல் உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கிவிடும்.

2020 ஊரடங்குக்குப் பிறகு இன்னொருவர் முகத்தில் இருந்ததை அணிய யாருக்கும் விருப்பம் இல்லை. மூன்று ஆண்டு முட்டிப் பார்த்துவிட்டு மூடினேன். வைவ் மட்டும் இன்னும் என் வீட்டு மாடியறையில் இருக்கிறது. வாரம் இரு முறை ஆடுகிறேன்.

இரவுப்பணி

நான் சென்னையில் இருந்து வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்கு வி.ஆர். வேலை செய்து கொடுப்பவன். கடந்த ஆண்டு, பாதி முடிந்திருந்த ஒரு விளையாட்டை வாடிக்கையாளர் நிறுத்தினார். பதினான்கு மாத வேலை. அதில் ஒரு மழை பெய்யும் தெரு இருந்தது. கையை நீட்டினால் உள்ளங்கையில் துளி தெறிக்கும்படி செய்திருந்தேன். யாரும் பார்க்கப்போவதில்லை. எனவே உங்கள் கேள்வியை என்னால் வெளியாள்போல் படிக்க முடியவில்லை.

பணம் ஏன் வற்றியது என்பதைச் சொல்கிறேன். 2014-இல், இன்று மெட்டா எனப்படும் ஃபேஸ்புக், ஓக்குலஸ் என்ற வி.ஆர். நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அதற்குப் பிறகு இந்தத் துறை பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் மடியில் வளர்ந்தது. 2024-இல் மட்டும் ரியாலிட்டி லேப்ஸின் இழப்பு சுமார் 1,770 கோடி டாலர். ஸ்மார்ட் மூக்குக்கண்ணாடிகளுக்கான ஆய்வும் அதில் அடக்கம், எல்லாமே விளையாட்டுக்குச் செலவானது அல்ல. ஆனாலும் பெரிய வி.ஆர். விளையாட்டுகள் பல அந்த உலையில் வெந்தவைதான். கடையில் விற்று வரும் காசு மட்டும் அவற்றுக்குக் கட்டுபடியாகாது. அடுப்பைத் தணித்ததும் முதலில் அடிபட்டவை அவைதான்.

செலவு ஏன் இவ்வளவு என்றால், குவெஸ்ட் 3-இல் ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 பிக்சல். இரண்டு கண்ணுக்கும் வினாடிக்கு 90 முறை முழுதாக நிரப்புவதானால், சாதாரண ஃபுல் எச்டி தொலைக்காட்சியில் வினாடிக்கு 60 படம் காட்டுவதைப் போல ஆறு மடங்குக்கு மேல் வேலை. அதைச் செய்வது கைப்பேசியில் இருப்பது போன்ற ஒரு சில்லு. ஒரு படம் பிந்தினாலும் ஆடுபவருக்குத் தலை சுற்றும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு நிழலுக்கும் நாங்கள் கஞ்சத்தனம் பார்த்தாக வேண்டும்.

மறுபக்கத்தையும் பாருங்கள். கொரில்லா டேக் என்று ஒரு விளையாட்டு. காலில்லாத குரங்காகி, கைகளைத் தரையில் ஊன்றி ஊன்றித் துரத்திப் பிடிக்க வேண்டும். நம் ஊர் ஓடிப்பிடித்து விளையாட்டேதான். படங்கள் மிக எளியவை. விளையாட்டு இலவசம், குரங்குக்கு மாட்டும் தொப்பியும் சட்டையும் விற்றே 2024-க்குள் 10 கோடி டாலரைத் தாண்டியது. ஆடுபவர்களில் பெரும்பகுதி பிள்ளைகள். எங்களைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் மழைத்துளி செதுக்கிக்கொண்டிருந்தபோது, கை அசைவு ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்தவர்கள் அவர்கள். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அதைப் பாடமாகவே எடுத்துக்கொள்கிறேன். அடுத்து நான் செய்யப்போவது நான்கு பேர் ஆடும் சிறிய விளையாட்டு.

காணாமல் போகுமா என்று கேட்டீர்கள். சர்வரை நம்பி ஓடுவது போகலாம். 2023 ஆகஸ்ட் 1 அன்று எக்கோ வி.ஆர். நிறுத்தப்பட்டது. எடையற்ற வெளியில் மிதந்துகொண்டே வட்டெறிந்து கோல் போடும் ஆட்டம், அதற்கு இணையானது இன்றுவரை இல்லை. ஒருவராக ஆடக்கூடிய, கருவியிலேயே இறக்கிவைத்த விளையாட்டு அப்படி ஒரே இரவில் போகாது. ஆனால் பழைய கருவி பின்தங்கிவிடும். பேட்மேன்: ஆர்காம் ஷேடோ 2024-இல் வந்தபோதே குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டுக்கும் மட்டும்தான் வந்தது. உங்கள் குவெஸ்ட் 2-இல் ஓடாது.

வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் 2025 நவம்பரில் அறிவித்த ஸ்டீம் ஃப்ரேம் ஹெட்செட்டை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். பேட்டரியைப் பின்னந்தலைக்குக் கொண்டுபோய் மொத்த எடையை 440 கிராமில் நிறுத்தியிருக்கிறார்கள். கணினியிலிருந்து கம்பியில்லாமல் படம் வரும்போது, கண் எங்கே பார்க்கிறதோ அந்த இடத்தை மட்டும் கூர்மையாக அனுப்பும். நம் விழித்திரையும் நடுவில் மட்டுமே கூர்மையாகப் பார்க்கிறது என்பதால் இது மிகச் சரியான வழி. ஒரே நிறுவனத்தின் மடியைவிட்டு இந்தத் துறை இறங்கி நடக்க அது உதவும் என்று நம்புகிறேன். ஆனால் நல்ல கணினி இல்லாத வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஞாயிறு காலை

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் மூன்று ஆண்டுகளாக விடாமல் ஆடுகிறேன் என்பதால் எழுதுகிறேன்.

என் தம்பி டொரான்டோவில் இருக்கிறான். எனக்கு ஞாயிறு காலை ஏழு மணி என்றால் குளிர்காலத்தில் அவனுக்குச் சனி இரவு எட்டரை. இருவரும் வாக்அபவுட் மினி கோல்ஃப் ஆடுவோம். ஒரு திடலை அவன் வாங்கினால் போதும், நான் விருந்தாளியாக நுழைந்து ஆடலாம். அடுத்த திடலை நான் வாங்குவேன்.

வீடியோ அழைப்பில் நாங்கள் பேசுவது ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். "சாப்பிட்டாயா, மழையா, சரி வைக்கட்டுமா." பந்தை அடித்துக்கொண்டே பேசினால் ஒன்றரை மணி நேரம் போவது தெரியாது. குரல் அவன் நிற்கும் திசையிலிருந்து வரும். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். ஹெட்செட்டுக்குள்ளும் நான் நிமிர்ந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஞாயிறு அன்று நாங்கள் பந்தைத் தொடவே இல்லை. ஏதோ ஒரு குளத்தங்கரையில், அது பொய்க் குளம், பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவனால் ஊருக்கு வர முடிந்திருக்கவில்லை.

வைகைக்கரை அண்ணா, உங்கள் மைத்துனரிடமும் ஒரு ஹெட்செட் இருக்கிறதா என்று கேளுங்கள். எந்த மாடலை வாங்குவது என்பதைவிட யாரோடு ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மகளுக்குக் கொடுப்பதானால் பெற்றோர் கண்காணிக்கும் கணக்கைத் தொடங்குங்கள், 2023 முதல் பத்து வயதிலிருந்தே அதற்கு அனுமதி உண்டு. பொது அறைகளில் முன்பின் தெரியாதவர்கள் பேச வருவார்கள். அந்தக் கதவை அடைத்துவிட்டுக் கொடுங்கள். ஒரு நேரத்தில் இருபது நிமிடம் போதும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. ஞாயிறு காலை சகோதரிக்கு என் இரங்கல். உங்கள் பதிவை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்.

நேற்றுப் பீரோ மேலிருந்து இறக்கினேன். கைப்பிடிக்குள் இருந்த பென்டார்ச் பேட்டரி கசிந்து வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் பஞ்சைத் தொட்டுத் துடைத்ததும் உயிர் வந்தது. பிறகு ஸ்கேலை எடுத்துக் கண்ணை அளந்தேன். 67 மில்லிமீட்டர். லென்ஸ் இத்தனை காலமும் 58-இல் இருந்திருக்கிறது! மூன்றாம் நிலைக்குத் தள்ளிப் போட்டதும் எழுத்துகள் அச்சில் பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தன. மகளுக்கு அளந்தால் 58-தான் வருகிறது. அவள் முறை வரும்போது மாற்றிக்கொள்ள வேண்டும்.

3எஸ் வாங்கும் பணத்தை இப்போதைக்குத் தொடவில்லை. இலெவன் மட்டும் வாங்கினேன். கட்டிலை நகர்த்தி, விசிறியிலிருந்து மூன்றரை அடி தள்ளி மிதியடி போட்டாயிற்று. கணினி எதிராளியோடு முதல் ஆட்டம் 11-4, தோல்வி. நாற்பது நிமிடம் ஆடியும் தலைவலி இல்லை. மைத்துனரிடம் ஹெட்செட் இருக்கிறதாம், அவரும் பரணில்தான் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அதற்குள் கண்ணை அளந்து வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.