கழுத்து டிஸ்லொகேஷன் சார்ட்: எந்தக் கோடு போடுறது?

மெடிக்கல் கோடிங்ல இருக்கிற அண்ணன், அக்காக்களுக்கு வணக்கம். காட்பாடியிலிருந்து எழுதுறேன். அமெரிக்க இன்பேஷண்ட் சார்ட் (ஆஸ்பத்திரியில அட்மிட் ஆன நோயாளியோட பதிவு) ஒண்ணுல, எந்த ஐசிடி-10-சிஎம் நோய்க் கோடு போடுறதுன்னு தெரியாம மாட்டிக்கிட்டேன். நீச்சல் குளத்துல தலைகீழா குதிச்ச கேஸ். (நம்ம பக்கம் கோடை லீவுல விவசாயக் கிணத்துல நடக்கிறதுதான்.)

அட்மிஷன் நோட்டுல டாக்டர் எழுதினது 'கழுத்து டிஸ்லொகேஷன்' (எலும்பு முழுசா விலகினது), அவ்வளவுதான். எந்த எலும்புன்னு இல்ல. அதை மட்டும் வெச்சா எஸ்13.101ஏ. சிடி ரிப்போர்ட்டுல சி5-சி6 (கழுத்தோட அஞ்சாவது, ஆறாவது எலும்பு) நடுவுல ரெண்டு பக்க ஃபேசட்டும் (எலும்புகளை இணைக்கிற சின்ன மூட்டும்) விலகியிருக்குன்னு தெளிவா இருக்கு, அப்போ எஸ்13.161ஏ. ஆனா நியூரோசர்ஜன் அதே இடத்துக்கு 'சப்லக்சேஷன்'னு (பாதி விலகினது) எழுதிட்டார். அது எஸ்13.160ஏ. ஆறாவது இடத்துல ஒரு இலக்கம்தான் மாறுது, ஆனா பாதி விலகினதும் முழுசா விலகினதும் ஒண்ணா?

டாக்டர் நோயை எழுதியிருந்தா இடத்தை மட்டும் சிடியிலிருந்து எடுத்துக்கலாம்னு டீம்ல சொல்றாங்க. சரி. ஆனா ரெண்டு டாக்டர் முரண்பட்டா அட்டெண்டிங்குக்கு (நோயாளிக்குப் பொறுப்பான டாக்டருக்கு) க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு கேள்வி, போடாம நகரக்கூடாதுங்கிறது என் கருத்து. நீங்க என்ன சொல்றீங்க?

அப்புறம், சி5 லெவல்ல சென்ட்ரல் கார்டு சிண்ட்ரோம்னும் (தண்டுவடத்தோட நடுப்பகுதிக் காயம்) இருக்கு. எஸ்14.125ஏ சேர்க்கணும், அதுல சந்தேகமில்ல. எலும்பு முறிவுக்கு, அதாவது எஸ்12க்கு, தண்டுவடக் காயத்தை முதல்ல போடுன்னு கோடு புத்தகத்துலயே குறிப்பு இருக்கு. எஸ்13ல அப்படிக் காணோம். நீங்க எதை முதல்ல வைப்பீங்க?

டாக்டருக்கு நாமே பதிலை எடுத்துக் கொடுக்கிற மாதிரி இல்லாத க்வெரி வாசகம் யார்கிட்டயாவது இருந்தா, நோயாளி விவரம் இல்லாம இங்கேயே போடுங்க.