போவின் புளியமரமும் லாங்ஃபெலோவின் பனிச் சிலுவையும்: படிமங்களுக்கு எவ்வாறு பொருள் கொள்வது?

கேள்வி (ஆங்கில ஆசிரியை, தருமபுரி):

வணக்கம். இளங்கலை மாணவர்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க சானெட்டுகளை (பதினான்கு வரிக் கவிதைகளை) கற்பித்து வருகிறேன். எட்கர் ஆலன் போ 1829இல் வெளியிட்ட, அறிவியலை முன்னிலையில் வைத்துப் பாடிய சானெட்டின் கடைசி வரியில், புளியமரத்தடியில் தான் கண்ட கோடைக் கனவை அறிவியல் பறித்துக்கொண்டது என்று முறையிடுகிறார். கையேடுகளோ 'புளியமரம் கற்பனையின் குறியீடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. என் மாணவர்களில் பலர், மாசி பங்குனியில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து புளியின் ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுக்கும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இரவில் புளியமரத்தடியில் படுத்தால் முனி அடித்துவிடும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். "அங்கே படுத்தால் நல்ல கனவா வரும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது. நம் ஊர் அனுபவத்தைக் கொண்டு இப்படிமத்துக்குப் பொருள் கூறலாமா, அதை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டுமா? கவிஞர் லாங்ஃபெலோ மறைந்த தன் மனைவியை நினைத்துப் பாடிய பனிச் சிலுவை சானெட்டைக் கற்பிக்கும்போது அவருடைய வாழ்க்கை வரலாற்றை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

மறுமொழி 1 (ஊத்தங்கரை வாசகர்):

வணக்கம் அம்மா. அந்த மாணவியின் கேள்வியை ஒதுக்க வேண்டாம். ஆனால் அதற்கான விடையைக் கவிதைக்குள்ளேயே தேட வேண்டும் என்பது என் கருத்து. மரம் எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எந்த வரிசையில், எதற்குப் பின் வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ரோமானியரின் நிலாத் தெய்வமான டயானா தேரிலிருந்து இழுத்துத் தள்ளப்படுகிறாள். மரத்தில் உறையும் வனதேவதை காட்டைவிட்டு விரட்டப்பட்டு வேறொரு விண்மீனில் புகலிடம் தேடுகிறாள். நீர்த்தேவதை வெள்ளத்திலிருந்தும், குட்டித் தேவதை பசும்புல்லிலிருந்தும் பிய்த்தெறியப்படுகிறார்கள். வானம், காடு, நீர், புல் என்று படிப்படியாகக் கீழே இறங்கும் இந்த வரிசை, கடைசியில் ஒரு மரத்தடியில், 'என்னிடமிருந்து' என்று சொல்லும் ஒரு மனிதனிடம் வந்து நிற்கிறது. அதுவரை 'கவிஞன்' என்று படர்க்கையில் பேசிவந்தவர், பதின்மூன்றாம் வரியின் இறுதியில்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தெய்வங்கள் அனைத்தும் தத்தம் இடத்தைவிட்டுத் துரத்தப்பட்டவை. மனிதனை யாரும் துரத்தவில்லை. மரமும் இருக்கிறது, அவனும் இருக்கிறான், கனவு மட்டும் இல்லை. மற்ற இழப்புகளைவிட இதுவே கொடியது என்று நான் கருதுகிறேன்.

கிரேக்க, ரோமானிய, ஐரோப்பியக் கற்பனை உயிர்களுக்குப் பின் சட்டென்று வரும் புளியமரம், போவின் வாசகர்களுக்குத் தொலைவிலுள்ள வெப்ப நாடுகளை நினைவூட்டியிருக்கும். பாஸ்டனில் பிறந்து, ரிச்மண்டிலும் சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் வளர்ந்தவருக்கு அது அன்றாடம் காணும் மரமாக இருந்திருக்க வழியில்லை. நமக்கோ அது சாலையோர மரம், ஆண்டுதோறும் ஏலம் போகும் மரம். ஆகவே, போவுக்குத் தொலைவு தந்த மயக்கம் நம் மாணவர்களுக்கு அம்மரத்தில் கிடைக்காது என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். முனியைப் பற்றிய அச்சத்தை அக்கவிதையின் பொருளாக ஏற்ற முடியாது. எனினும், மரத்தில் ஒரு ஆவி உறைகிறது என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவர்களுக்கு, வனதேவதை விரட்டப்படும் வரி அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கும்; அந்த இடத்தில் நம் அனுபவம் பெரிதும் உதவும்.

மறுமொழி 2 (கிருஷ்ணகிரி):

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 'அறிவியல் எதிர்ப்பு' என்பதே இதன் பாடுபொருள் என்று மாணவர்கள் எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவியல் இதில் கவிஞனின் நெஞ்சைக் கொத்தும் கழுகாக வருகிறது. அதன் சிறகுகள் மங்கிய உண்மைகள். சில வரிகள் கழித்துக் கவிஞனும் அஞ்சாத சிறகோடு மணிகள் பதித்த வானில் பறக்கிறான். இருவரும் ஒரே வானத்தின் பறவைகள் என்பதால்தான் பகை இத்தனை கூர்மையாகிறது. முதலிரு வரிகள் நீங்கலாக மற்ற அனைத்தும் கேள்விகள். ஷேக்ஸ்பியர் முறை சானெட்டில், இயைபுத் தொடையால் இணைந்த கடைசி இரு வரிகள் பெரும்பாலும் ஒரு முடிவைத் தரும். இங்கே அவையும் கேள்வியாகவே நின்றுவிடுகின்றன. இதே போ 1848இல் 'யுரேகா' என்ற தலைப்பில் பிரபஞ்சத்தின் தோற்றத்தைப் பற்றி ஒரு நீண்ட உரைநடை நூலை எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒப்பிட ஒரு கவிதை வேண்டுமானால், அமெரிக்கக் கவிஞர் எம்மா லாசரஸ் சுதந்திர தேவி சிலைக்காக 1883இல் எழுதிய சானெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தேவியின் கையிலுள்ள விளக்கின் சுடரைச் சிறைப்பட்ட மின்னல், அதாவது அறிவியல் வசப்படுத்திய மின்சாரம், என்கிறார். போவிடம் கனவைப் பறித்த அறிவு, இங்கே நாடிழந்து வருபவர்களுக்கு வழிகாட்டும் ஒளியாகிவிடுகிறது.

மறுமொழி 3 (பென்னாகரம்):

லாங்ஃபெலோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1861இல் அவர் மனைவி ஃபேன்னியின் உடையில் தீப்பற்றியது. அணைக்க முயன்ற கவிஞரும் தீக்காயமடைந்தார். மறுநாள் அவர் மனைவி இறந்துபோனார். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், 1879இல், இந்த சானெட்டை எழுதினார்; அவர் உயிரோடு இருந்தவரை அது அச்சேறவில்லை. இவ்வளவு போதும், இது அவசியமும்கூட. ஏனெனில், 'நெருப்பில் தியாகமடைந்த ஆன்மா' என்ற தொடரை வரலாறு தெரியாதவர் வெறும் சமய உருவகமாக வாசித்துக் கடந்துவிடுவார்.

வரலாற்றைச் சொன்னதும் கவிதைக்குத் திரும்பிவிடுங்கள். முதல் எட்டு வரிகளும் ஓர் அறைக்குள் நிகழ்கின்றன: இரவு, உறக்கமின்மை, சுவரில் ஒரு முகம், அதன் தலையைச் சுற்றி இரவு விளக்கின் வெளிறிய ஒளிவட்டம். ஒன்பதாம் வரியில் கவிதை தொலைமேற்கிலுள்ள ஒரு மலைக்குத் தாவுகிறது. கொலராடோவில் அப்படியொரு மலை உண்மையிலேயே இருக்கிறது. வில்லியம் ஹென்றி ஜாக்சன் 1873இல் அதைப் புகைப்படம் எடுத்தார். அதன் சரிவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஆழமான பிளவுகளில் வெயில் எட்டாமல் பனி தங்கி, சிலுவை வடிவில் தெரிகிறது. பனியைப் பார்த்திராத மாணவர்களுக்கு அந்தப் புகைப்படத்தைக் காட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நெருப்பில் இறந்தவளை நினைப்பவர், தன் துயரத்துக்கு உருகாத பனியை ஏன் தேர்ந்தெடுத்தார்?