பள்ளி வேனில் தொல்லை: பார்த்த பிள்ளைகளை எப்படிப் பேச வைப்பது?

மதுரை, தனியார் பள்ளி, ஏழாம் வகுப்புப் பையன். ஜூன் கடைசியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் வேனில் அவன் டிபன் பாக்ஸைப் பிடுங்கிச் சோற்றை ஜன்னல் வழியே கொட்டுகிறார்கள். ஞாயிறு இரவானால் அவனுக்கு வயிற்றுவலி, லீவில் வருவதில்லை.

நேருக்கு நேர் உட்கார வைத்துச் சமாதானம் பேசினோம். அதுதான் தப்பு. அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே "ஒண்ணுமில்ல சார்" என்றுவிட்டான். மறுநாளிலிருந்து 'கோள்மூட்டி' பட்டமும் சேர்ந்துகொண்டது. முன்சீட்டுக்கு மாற்றினோம், இறங்குமிடத்தில் மடக்குகிறார்கள். தேதி, நேரம், நடந்தது எல்லாம் நோட்டில் இருக்கிறது. 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (தமிழகப் பள்ளிக் கல்வித்துறை உதவி எண்) இரண்டும் தெரியும். ஆனால் பள்ளி சாட்சி கேட்கிறது. வேனில் பதினான்கு பிள்ளைகள் பார்க்கிறார்கள். அடுத்தது நாமோ என்ற பயத்தில் கூடச் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

யார் சொன்னது என்று வெளியே தெரியாமல் இந்தப் பிள்ளைகளிடம் விசாரிப்பது எப்படி?