குரங்கு செய்ததும் நோட்டில் ஏறியதும்

வால்பாறையை ஒட்டிய புதுத்தோட்டம் காட்டுத்துண்டில் சிங்கவால் குரங்குகளைப் பின்தொடர்ந்த முதல் மாதம் முழுவதும், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டே போனேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது, அந்தக் கூட்டம் சண்டையும் கூச்சலுமாகவே பொழுதைக் கழிப்பதாக என் நோட்டுப் புத்தகம் சொன்னது. சண்டையிடும் ஆண் குரங்கு எவர் கண்ணையும் இழுக்கும். இலை மறைவில் பட்டையை உரித்துப் பூச்சி தேடும் பெண் குரங்கை யார் கவனிக்கிறார்கள்?

என் வழிகாட்டி எதுவும் சொல்லாமல், விலங்குகளைக் கூர்ந்து நோக்கும் முறைகளைப் பற்றி ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் எந்தக் குரங்கைப் பார்ப்பது என்பதை நான் முடிவு செய்யவில்லை. காலையில் குலுக்கிப் போட்ட சீட்டு முடிவு செய்தது. சீட்டில் வந்த குரங்கைப் பத்து நிமிடம் விடாமல் பார்த்து, அது பேன் பார்த்ததா, பேன் பார்க்கப்பட்டதா என்பதைக்கூடத் தனித்தனியாகக் குறித்தேன். மிகவும் கடினமாக இருந்தது, பக்கத்து மரத்தில் பெரும் சண்டை மூண்டபோதும் தலையைத் திருப்பாமல் இருப்பதுதான். குரங்கு இலைக்குள் மறைந்த நொடிகளை 'தெரியவில்லை' என்று பதிந்து, கணக்கிடும்போது மொத்த நேரத்திலிருந்து கழித்தேன். அப்படிக் கழிக்காவிட்டால், அடர்ந்த மரத்தில் இருக்கும் குரங்குகள் எல்லாம் சோம்பேறிகளாகிவிடும்.

* * *

மேலே எழுதிய நண்பரின் தவறு கண்ணில் நேர்ந்தது. எங்கள் ஆய்வகத்தில் அது கையில் நேர்ந்தது. தரையிலிருந்து உயர்த்தி வைத்த கூட்டல் குறி வடிவப் பாதையில் சுண்டெலியை விட்டு, சுவர் உள்ள இரு கிளைகளில் அது ஒதுங்குகிறதா, சுவரில்லாத இரு கிளைகளுக்குத் துணிந்து வருகிறதா என்று 5 நிமிடம் பார்த்து, அதன் பதற்றத்தை அளப்பது எங்கள் சோதனை. ஒரே வகை எலி, ஒரே வெளிச்சம், ஒவ்வொரு எலிக்குப் பிறகும் ஆல்கஹாலால் துடைத்த தளம். ஆனாலும் இருவர் நடத்திய சோதனைகளின் முடிவுகள் ஒத்துவரவேயில்லை. காரணம் தேடிப் பல வாரம் எலிகளுக்குக் கொடுத்த மருந்தின் அளவைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், ஒருவர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கினார். மற்றவர் உள்ளங்கையில் ஏந்தி எடுத்தார்.

வாலைப் பிடித்துத் தூக்குவதே சுண்டெலியின் பதற்றத்தைக் கூட்டுகிறது என்பதை ஹர்ஸ்ட், வெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் 2010இலேயே காட்டியிருந்தார்கள், நாங்கள்தான் படிக்கவில்லை. இப்போது கூண்டிலேயே கிடக்கும் ஒரு குழாய்க்குள் எலியை நுழையவிட்டு, குழாயோடு எடுத்துச் செல்கிறோம். எலியைத் தூக்கிய விதத்தையும் தூக்கியவர் யார் என்பதையும் பதிவுத்தாளில் எழுதுகிறோம்.

* * *

மூன்றாவதாக எழுதும் என் அனுபவம் சிறியது. ஒரு நாயின் நடத்தையைக் காட்டும் ஒரே காணொளியைப் பார்த்து இருவர் குறித்த பதிவுகள் நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போயின என்று மகிழ்ந்திருந்தேன். காணொளியில் இருந்த நாய் பெரும்பாலும் படுத்தே கிடந்தது. திரையைப் பார்க்காமல் 'ஓய்வு' என்று எழுதியிருந்தாலும் ஏறக்குறைய அதே அளவு ஒத்துப்போயிருக்கும். தற்செயல் ஒப்புதலைக் கழித்துக் காட்டும் கோஹன் கப்பா என்ற புள்ளியியல் அளவைக் கணக்கிட்டபோது எண் படுமோசமாக இருந்தது. 'கொட்டாவி' என்று ஒருவர் குறித்ததை மற்றவர் 'வாயைத் திறத்தல்' என்று குறித்திருந்தார். இரண்டுக்கும் வரையறை எழுதி முடிக்க ஒரு முழு நாள் பிடித்தது.